மோட்டாருக்குக் கட்டிய மாலை

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்தோ பதினொன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. திருவனந்தபுரத்தில் ரயில் ஸ்டேஷனைத் தம்பானூருக்குக் கொண்டுவந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மிதுன மாதம், தமிழுக்கு ஆனி, முடியப் போகிற நேரம். மழை பிடித்தால் விடாது, விட்டால் புழுங்கும். அந்த மழையில்தான் நாங்கள் புது மோட்டார் வாங்கப் போனோம்.

எனக்குப் பிறந்த வீடு நாஞ்சில் நாட்டில். கல்யாணமாகி இங்கே வந்தேன். கிழக்கேகோட்டைக்கு வெளியே சாலைக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்குப் பலசரக்குக் கடை. வித்துராவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் மாட்டு வண்டியில் போகும். பஸ் வந்ததும் அந்த வியாபாரம் கைவிட்டுப் போக ஆரம்பித்தது. எங்கள் மாட்டு வண்டி வித்துரா தாண்டிக் கல்லாறு போய்ச் சேருவதற்குள், பஸ்ஸில் போன அரிசி அங்கே வெந்து சோறாகியிருக்கும்.

தோட்டத்தில் கணக்கெழுதுகிற ரைட்டர்மாரும் டாக்டரும் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, மலைக்குப் போக வாடகைக் கார் கிடைக்குமா என்று நிற்பதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாமே ஒரு கார் வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. என் கொழுந்தன், அவருடைய தம்பி, நாகர்கோவிலில் மோட்டார் ஓட்டப் பழகிவிட்டு வேலையில்லாமல் இருந்தார். ஆள் தயார். பணம்தான் இல்லை.

எனக்குச் சீதனமாக ஒரு தென்னந்தோப்பு உண்டு. அதை விற்கலாம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான் சொன்னேன். தேங்காய் வருகிறது, எண்ணெய் ஆகிறது, அதற்கு மேல் தோப்பு என்ன செய்கிறது? கடை படுத்துவிட்டால் தோப்பை வைத்துக்கொண்டு என்ன பண்ண? விற்றோம். கார் கம்பெனியில் சொன்ன விலை இரண்டாயிரத்து நானூறு. அதைக் கொடுத்தது போகக் கையில் முந்நூறு ரூபாய் நிற்கும். லைசென்ஸ், பெட்ரோல், ஏதாவது ஒடிந்தால் மாற்ற, எல்லாம் அந்த முந்நூறுக்குள். அதுவும் போய்விட்டால் கார் வாசலில் நின்று கோழிக்கு நிழல் கொடுக்க வேண்டியதுதான். அதற்கப்புறம் கடையை அடகு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பேரம் பேசுவதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி என்று இந்த வயதில் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், இதைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். ஆனால் பாத்திரக்காரன் ஒரு விலை சொல்லும்போது அவன் மனசில் இருக்கிற விலை எது என்று எனக்குத் தெரிந்துவிடும். வாங்குகிறவர்களுக்கு முக்கியமாக ஒன்று வேண்டும். சாமான் பிடித்திருப்பது முகத்தில் தெரியக்கூடாது.

என் கொழுந்தனுக்கு அது தெரியாது. கார் பேசி வைத்த நாளிலிருந்து தினமும் கம்பெனிக்குப் போய்விடுவார். அந்தக் காரைத் தன் தோள்துண்டாலேயே துடைப்பார். கித்தான் மூடியை மடக்குவார், விரிப்பார். சித்திரை விஷுவிலிருந்தே அது அங்கே நிற்கிறதாம், யாரும் சரியாகக் கவனிக்கவில்லையாம். "பாவம் மதினி, நம்ம வண்டி தூசியடிச்சுக் கிடக்கு," என்று வீட்டுக்கு வந்து வருத்தப்படுவார். இன்னும் ஒரு சக்கரக் காசுகூடக் கொடுக்காத காரை நம்ம வண்டி என்று அவர் அங்கேயும் சொல்லியிருப்பார்.

என் வீட்டுக்காரர் செய்தது அதற்கும் மேலே. அவர் நல்ல மனுஷர். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் கண்ணில் பட்டவரையெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவது அவர் வழக்கம். ஜோசியர் புதன்கிழமை காலை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கும் முன்னால் வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். அதை விட்டால் ஒன்றிரண்டு நாளில் கர்க்கடகம் பிறந்துவிடும். தமிழுக்கு ஆடி மாதம். இங்கே அந்த மாதம் முழுவதும் யாரும் நல்ல காரியம் எதுவும் தொடமாட்டார்கள். அப்புறம் ஆவணி, இங்கே சிங்க மாதம் என்பார்கள், அது வரை காத்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நேராகக் கம்பெனி மேனேஜரிடம் போய், புதன்கிழமை பன்னிரண்டுக்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும், சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள், நீங்களும் சாப்பிட வந்துவிடுங்கள் என்று நேரம் காலம் எல்லாம் சொல்லி அழைத்துவிட்டு வந்தார்.

"விலையைப் பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"சாப்பிடக் கூப்பிடப் போன இடத்துல விலையா பேசுவாவ?" என்றார்.

புதன்கிழமை காலையில் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு குதிரை வண்டி பிடித்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். பெண்கள் அந்த மாதிரி இடத்துக்குப் போகிற வழக்கம் அப்போது கிடையாது. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஆரத்தி சுற்ற ஒரு சுமங்கலி வேண்டுமே, அதற்காக என்னைக் கூட்டிப்போனார்கள். மடியில் தாம்பாளம், அதில் பெரிய செவ்வந்தி மாலை. காருக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கொழுந்தன் கயிறு பிடித்து அளந்து வந்து கட்டச் சொன்ன மாலை.

மேனேஜர் வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். தடித்த ஆள், நல்ல சிரித்த முகம். எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. கொழுந்தன் போன உடனே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கார் நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கருநீலம். முன்னால் இரண்டு விளக்கும் முழித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் மடியிலிருந்து பணப்பையை எடுக்கும்போதுதான் மேனேஜர் சொன்னார், இரண்டாயிரத்து நானூறு என்பது வெறும் வண்டிக்கு உள்ள விலையாம். உபரிச் சக்கரம், மழைக்குப் பக்கத்தில் மாட்டுகிற திரைகள், கொச்சியிலிருந்து கொண்டுவந்த கூலி, அதெல்லாம் சேர்த்தால் இரண்டாயிரத்து எழுநூறு.

"அன்னைக்கு இதெல்லாம் சொல்லலையே," என்றார் என் வீட்டுக்காரர்.

"சொல்லாம இருக்குமோ, அண்ணாச்சி? இது கம்பெனி விலையாக்கும். நம்ம கையில ஒண்ணும் இல்ல." பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். நமக்காகக் கவலைப்படுகிற மாதிரி, "சமயம் போகுதல்லோ. பன்னிரண்டுக்கு ராகு காலம் வருமே," என்றார்.

மேலே கேட்ட தொகை அப்படியே நாங்கள் வைத்திருந்த முந்நூறு. என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஸ்டியரிங்கை விடவில்லை. "கொடுத்துருவோம் அண்ணே, பெட்ரோலுக்கு நான் எங்கயாவது புரட்டுகேன்," என்றார். என் வீட்டுக்காரர் பையின் கயிற்றை அவிழ்க்கவும் தொடங்கிவிட்டார். இந்தக் கயிறு அவிழ்ந்தால் இனி தோப்பும் இல்லை, கடையும் இல்லை என்று தோன்றியது. நேரம் தவறிப் போகிறதே என்ற பயமும் அதே அளவுக்கு இருந்தது. நல்ல நேரம் பார்க்காமல் ஒரு பானைகூட வாங்காதவள் நான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மேனேஜரே கொண்டுவந்து கொடுத்தார். மெதுவாகக் குடித்தேன். அந்த மனுஷர் கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அவசரம் எங்களுக்கு என்றால் அவர் எதற்கு இப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. விஷுவிலிருந்து நிற்கிற வண்டி. சிங்கத்தில் ஓணத்துக்குப் புது மாடல் வரும், விலை ஏறிவிடும், இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று இந்த மேனேஜரே என் வீட்டுக்காரரிடம் போன வாரம் சொல்லியிருக்கிறார்.

"மேனேஜரே, நீங்க கர்க்கடகத்துல வண்டி விப்பியளா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "கர்க்கடகத்தில ஆரு அம்மாளே வண்டி வாங்கும்? ஒரு ஈயும் இங்க வராது."

"அதத்தான் நானும் கேக்கேன்," என்றேன்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ராகு காலமும் கர்க்கடகமும் எங்களுக்கு மட்டும் குறித்து வைத்ததா என்ன? ஊர் முழுக்கத்தானே. நாங்கள் இன்று விட்டுப் போனால் சிங்கம் வரை அந்தக் கார் அங்கேதான் நிற்கும். சிங்கத்தில் புதுசு வந்து பக்கத்தில் நின்றால் இதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"தம்பி, வண்டிய விட்டு இறங்கும்," என்றேன் கொழுந்தனிடம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கட்டின பெண்டாட்டியை விட்டுவரச் சொன்னால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் கயிற்றை மறுபடி முடிந்தார். தோப்பு என்னுடையது அல்லவா.

"நேரம் போகட்டும், பரவாயில்ல," என்று மேனேஜரிடம் சொன்னேன். "ஆனா நீங்க சாப்பிட வரணும். வண்டி வேற, சாப்பாடு வேற. கூப்பிட்டது கூப்பிட்டதுதான்."

வெளியே வந்தால் குதிரை வண்டிக்காரர் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார், நாங்கள் காரில் போவோம், கூலி வாங்கிவிட்டுத் திரும்பலாம் என்று. என் கையில் அந்த மாலை. எங்கே வைப்பது? வீட்டுக்குக் கொண்டுபோனால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். வீம்போ கோபமோ தெரியாது, அந்தக் குதிரையின் கழுத்தில் போட்டேன். காருக்கு அளந்தது, இரண்டு சுற்று வந்தது.

"என்ன அம்மா, என் குதிரைக்கு இன்னிக்குக் கல்யாணமா?" என்றார் வண்டிக்காரர்.

"புது மோட்டாருக்கு வச்சிருந்தது. இதுக்குத்தான் கொடுத்து வச்சிருக்கு," என்றேன்.

குதிரை கழுத்தைத் திருப்பிச் செவ்வந்தியைத் தின்ன ஆரம்பித்தது. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் தைரியம் இருந்தது. வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் அது போய்விட்டது. வாசலில் கோலம், உள்ளே பந்தி போடப் பாய் விரித்திருக்கிறது, சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். என் நாத்தனார் முன்னால் வந்து நின்றாள். நாக்குக்கு எலும்பில்லாதவள்.

"மோட்டாரு வருகுன்னு சொன்னாவ. நாலு காலோட வருகே. கொம்பு எங்க, ஊதறதுக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைகள் குதிரையைச் சுற்றி ஓடின. பிறகு என் காதுக்குள், "நல்ல நேரத்தைக் கைநீட்டித் தள்ளிட்டு வந்திருக்கியே, உனக்குப் பயமே கிடையாதா?" என்றாள்.

பயம் இருந்தது. அடுப்படியில் சாம்பாரைக் கிளறிக்கொண்டே பத்மநாப சுவாமியை நினைத்துக் கும்பிட்டேன். தோப்பை விற்றதும் என் பேச்சு, வண்டியை விட்டதும் என் பேச்சு. சிங்கத்தில் விலை ஏறிவிட்டால், அல்லது இடையில் பணம் வேறு செலவாகிவிட்டால், யார் முகத்தில் விழிப்பேன்? கொழுந்தன் சாப்பிட மாட்டேன் என்று பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் வழக்கம்போல வந்தவர்களை, "இலையைப் பாத்துப் போடுங்க, சாதம் வரட்டும்," என்று கவனித்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு குத்தல்கூட வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

முதல் பந்தி எழுந்து, அடுத்த பந்திக்கு இலை போடுகிற சமயம் வாசலில் ஒரு குடை மடங்கியது. மேனேஜர். முழங்கால் வரை நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார்.

"கூப்பிட்டது கூப்பிட்டதுதான்னு அம்மாள் சொன்னதல்லே," என்றார். எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சொன்ன வாயால் வரவேற்க வேண்டியதாயிற்று. கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, நடுவில் இலை போட்டேன்.

இலைக்கு முன்னால் இருக்கிறவரிடம் காசு பணம் பேசுவது எங்கள் வீட்டில் கிடையாது. அவரும் பேசவில்லை. அவியலை இரண்டாம் தரம் கேட்டார். ஊரில் அவர் மனைவி கர்ப்பமாக இருப்பதால் வரமுடியவில்லை என்றும், இங்கே ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு நாக்கே மரத்துப் போயிற்று என்றும் சொன்னார். அதைக் கேட்டு என் நாத்தனாரே மனம் இளகி, பாயசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள். காலையில் எங்கள் கழுத்தில் கத்தி வைத்த மனுஷர், எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்ட பிறகுதான் மேனேஜர் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, பழைய விலைக்கே எடுத்துக்கிடுங்க. சக்கரமும் திரையும் அதில சேர்த்து."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உடனே வேறு நினைப்பு வந்தது. நேரம் போய்விட்டதே. இனி எப்படி வாங்குவது? மனசில் பட்டதைச் சொன்னேன்.

"ஜோசியர் சொன்ன நேரம் போச்சே. இனி சிங்கத்துலதான் பாக்கணும்."

நான் அதை உள்ளபடிதான் சொன்னேன். மேனேஜர் அதையும் பேரம் என்று எடுத்துக்கொண்டார். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு நூறு குறைச்சுத் தரலாம். அதுக்கு மேல போனா என் ஜோலி போகும், அம்மாளே. கர்க்கடகத்துக்கு முன்னால இந்த வண்டிய வித்துத் தீரணும்னு முதலாளி பறஞ்சிருக்கு. உங்களுக்கு உள்ள ராகு காலம் பன்னிரண்டுக்கு. எனக்கு ஒரு மாசமா ராகு காலமாக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "நீங்க இத அப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் நனைய வேண்டாமே," என்றார். அவர் அப்படித்தான்.

நான் உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். ராகு காலம் முடிந்துவிட்டிருந்தது. எமகண்டமோ குளிகையோ இல்லை. நல்ல நேரம் என்று யாரும் குறித்தும் தரவில்லை. வெறும் ஒரு மத்தியானம். மழை கொஞ்சம் விட்டு, ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம். இதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று யோசித்தேன். ஒரு கெடுதலும் தெரியவில்லை. வெளியே வந்து, "பணத்தை எண்ணிக் கொடுங்க," என்றேன்.

இதைக் கேட்டுக்கொண்டே பின்கட்டிலிருந்து வந்த கொழுந்தன் சட்டைகூடப் போடாமல், சாப்பிடாத வயிற்றோடு மேனேஜரை இழுத்துக்கொண்டு தெருவில் ஓடினார். மேனேஜர் குடையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கும் முன்னால் கார் வாசலில் வந்து நின்றது. மாலை ஏது? என் நாத்தனார் வேலியிலிருந்து செம்பருத்திப் பூவைப் பறித்துக்கொண்டு வந்து காரின் முன்விளக்குகளுக்கு மேலே செருகினாள். மறுநாள் காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அடுத்த நாளே கர்க்கடகம் பிறந்தது.

ஊரெல்லாம் கர்க்கடகத்தில் முடங்கிக் கிடந்தபோது எங்கள் கார் ஓடியது. ஸ்டேஷனில் மழையில் நின்றவர்கள் வாடகை பேசாமல் ஏறினார்கள். கல்லாற்றுப் பக்கத்திலிருந்து பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைத் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது அந்த மாதத்தில்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சிங்கம் பிறப்பதற்குள் பெட்ரோல் செலவு கழித்து லாபம் என்று ஒன்றைக் கையில் பார்த்தோம். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பு மாதிரி ஒன்றை மாட்டிப் புகை கக்கிக்கொண்டு ஓடியதும் அதே கார்தான். விற்ற தோப்பை மறுபடி வாங்க முடியவில்லை, அது வேறு கைக்குப் போய்விட்டது. கடை கைவிட்டுப் போகாமல் நிலைத்தது. பிள்ளைகள் படித்தார்கள். அந்த மேனேஜர் தன் குழந்தையின் சோறூட்டுக்கு எங்களைக் கோட்டயத்துக்கே அழைத்தார், நாங்கள் எங்கள் காரிலேயே போய்வந்தோம்.

இன்றைக்கும் பேத்திமார் கல்யாணத்துக்கு நான் நல்ல நேரம் பார்க்கத்தான் சொல்வேன், அதை விடமாட்டேன். ஆனால் ஏதாவது ஒன்று தவறிப்போய், போச்சே போச்சே என்று வீடே பதறும்போது, யாரும் குறித்துக் கொடுக்காத அந்த மத்தியானத்தை நினைத்துக்கொண்டு, இதற்குப் பிறகும் ஒரு நாழிகை வரும், அதில் செய்யலாம் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.